சந்தனத்துக்கு அடியில் இருந்த கோடு

இன்று காலை பக்கத்துப் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். எழுபது வயதைத் தாண்டியும் உன்னிடமிருந்து தப்ப முடியவில்லை, மாப்ள.

அது இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். பெரம்பலூரில் நாம் சேர்ந்து நடத்திய வாடகை சைக்கிள் கடைக்குப் புது சாமான் எதுவும் வருவதில்லை. மாட்டுவண்டியில் மோதி முன் ஃபோர்க் வளைந்துபோன ஒரு சைக்கிளை, உனக்குத் தெரியாமல் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோனேன். காய்ச்சி நிமிர்த்தி, கறுப்புப் பெயிண்ட் அடித்து நிறுத்தினேன். சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்களும் சேருகிற கழுத்தில் நீ கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாய்.

"கோடு ஓடியிருக்குடா. முறிஞ்சா ஆளு மூஞ்சி போயிரும்."

"அது பிரஷ் இழுத்த கோடு. ஒனக்கு எதுலதான் குத்தம் தெரியாது?"

மறுநாள் ஆயுத பூஜை. எல்லா வண்டிக்கும் சந்தனம் வைத்தேன். அந்த வண்டிக்கு மட்டும் கழுத்தில் அப்பினேன். பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், அதுவாக உதிர வேண்டும். அது தெரிந்துதான் அப்பினேன்.

விஜயதசமி விடிந்ததும் நீ மண்ணெண்ணெய்த் துணியோடு வந்தாய். துடைக்கக் குனிந்தவனை அறைந்தேன். நீ என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினாய். கைக்குக் கிடைத்த ஸ்பேனரால் உன் விலாவில் ஓங்கி அடித்தேன். தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. பத்து வருஷச் சிநேகிதர்கள் நாய்களைப் போலக் கட்டிப் புரண்டோம்.

"பயந்தாங்கொள்ளிப் பயலே! அரியலூர் வரைக்கும் இத ஓட்டிட்டு வா, அப்பறம் பேசு."

"ஓட்டறன்டா. பின்னாலயே வந்து பாரு."

வந்தேன். வழியெல்லாம் உன்னைச் சீண்டிக்கொண்டேதான் வந்தேன். மருதையாற்றுச் சரிவில் குறுக்கே ஓர் ஆடு பாய்ந்தது. நீ பிரேக்கை அழுத்தினாய். டக்கென்று ஒரு சத்தம். ஃபோர்க்கோடு முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. நீ ஹேண்டிலை விடாமலே முகங்குப்புறச் சரளையில் இழுபட்டாய். புரட்டியபோது முகம் என்று ஒன்று இல்லை. முறிந்த குழாய் தொண்டைக்குக் கீழே இறங்கியிருந்தது. உன் விரல்கள் என் சட்டையைப் பற்றின, பிறகு விட்டுவிட்டன.

தள்ளி விழுந்திருந்த ஃபோர்க்கில் முறிந்த இடத்தைப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும்தான் இரும்பு புதிதாகப் பளபளத்தது. மற்றதெல்லாம் கறுப்பு. நான் அடித்த பெயிண்ட் விரிசலுக்குள்ளே வரை போயிருந்தது. அந்த ஃபோர்க்கைச் சக்கரத்தோடு ஆற்றில் வீசிவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட ஓடினேன்.

கடைக்குத் திரும்பியதும் சம்மட்டியை எடுத்து மற்ற வண்டிகளை அடித்து நொறுக்கினேன். துக்கம் தாளாமல் செய்கிறான் என்றார்கள். துக்கம் பாதி, மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் பாதி.

பதினாறாம் நாள் உன் அப்பா வந்தார்.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுப்பா. எம்புள்ள கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டானா?"

"ஆமாங்க மாமா" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். சாகிற வரைக்கும் உன்னை அவசரக்காரப் பயல் என்று திட்டித் திட்டித்தான் அழுதார். ஒரு முறைகூட நான் மறுக்கவில்லை.

நீ சரியாகத்தான் ஓட்டினாய், மாப்ள.