ஒற்றைக்காதிடம் பேசிவிட்டேன்

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? இந்த விஷயத்தைப் போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் மழை, மோட்டார் என்று எதையோ பேசி வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. விலங்கு மீட்பு மையத்தின் அத்தனை மோட்டாரையும் ஓட்டுகிற ஆளுக்குச் சொந்த வீட்டுக் குழாயை இறுக்க நேரமில்லையா என்று கேட்பாய். நேரம் இருக்கிறது. மனம்தான் ஓடவில்லை.

நீ வளர்த்துவிட்டுப் போன மூன்று நீர்நாய்க் குட்டிகளில் ஒற்றைக்காது செத்துப்போய்விட்டது. எப்படிச் சுற்றி வளைத்தாலும் செய்தி இதுதான்.

ஆற்றில் விட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை. கரையோர மீன் பண்ணையின் காவலாளி கம்பால் அடித்துவிட்டார். தகவல் வந்ததும் மைய அதிகாரியோடு நானும் போனேன். மேலே மூடியிருந்த சாக்கை விலக்கியதுமே, கிழிந்த காதைப் பார்த்து நான்தான் அடையாளம் சொன்னேன். காவலாளி அதிகாரியின் முன்னால் வந்து, "விரட்டத்தான் சார் கம்பை ஓங்குனேன். வேற எதுவா இருந்தாலும் ஓடியிருக்கும். இது என் மூஞ்சியப் பாத்து விசிலடிச்ச மாதிரி கத்திக்கிட்டே கிட்ட வந்துச்சு. கடிக்க வருதுன்னு பயந்துட்டேன்" என்று சொல்லி அழுதார். அதிகாரி அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்குச் சேர வேண்டிய திட்டு அது. நான் சாக்கை மறுபடி இழுத்து மூடினேன்.

உனக்குப் பிறகு குட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் கால் முறிந்து படுத்தபோது, அந்த வேலையைப் பத்தொன்பது நாள் நான் பார்த்தேன் அல்லவா? கிளம்பும்போது நீ சொன்னது அத்தனையும் நினைவிருந்தது. முகத்தை மூடு, கையுறை போடு, மீனைக் குழாய் வழியாகத் தள்ளு, ஒரு வார்த்தைகூடப் பேசாதே. நம் குரலைக் குட்டி அம்மாவின் குரல் என்று நினைத்துவிட்டால் காட்டுக்கு ஆகாது என்றாய். இரண்டு நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் உன் போன் வந்தது. அந்த ஊர் மையத்தில் உன் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக் கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று கேட்டாய். "தாராளமா இரு, எனக்கென்ன குறை" என்று சிரித்தேன். போனை வைத்துவிட்டு மீன் வாளியோடு போனபோது, ஒற்றைக்காது மட்டும் கம்பிவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா இன்னும் ஒரு வருஷம் வரமாட்டாங்களாம் என்று அதனிடம் சொல்லிவிட்டேன். சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. மறுநாளும் பேசினேன். அப்புறம் முகத்துணியைக் கழற்றினேன். கடைசி வாரத்தில் என் கையிலிருந்தே மீன் வாங்கித் தின்றது. என் செருப்புச் சத்தம் கேட்டாலே விசிலடித்துக்கொண்டு ஓடிவரும். மற்ற இரண்டும் என்னைச் சட்டை செய்யவே இல்லை. அதில் எனக்குக் கோபம்கூட வந்தது, என் புத்தியைப் பார்.

பதிவேட்டில் 'மனிதத் தொடர்பு' என்ற கட்டத்தில் தினமும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பித்தான் மூன்றையும் ஆற்றில் விட்டார்கள். உண்மையை எழுதியிருந்தால் ஒற்றைக்காதை மட்டும் இன்னும் சில மாதம் நிறுத்தி வைத்திருப்பார்கள். நீ இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பாலூட்டிக் காப்பாற்றிய உயிர்.

நேற்று அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினேழு 'இல்லை'களையும் அடித்து, நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் பதிவேட்டை வாங்கி மூடினார். பிறகு, "இனிமே பம்ப் அறையோட நிறுத்திக்கங்க" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல? அந்தக் காவலாளியையும் போய்ப் பார்த்துத் தப்பு உங்களுடையது இல்லை என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆற்றுக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. படகுச் சத்தம் கேட்டதும் கோரைப்புல்லுக்குள் பாய்ந்து மறைகின்றன. அதைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

எனக்கென்ன குறை என்று உன்னிடம் சொன்னேனே, அதுவும் பதிவேட்டில் எழுதியது மாதிரிதான். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதைப் போய் ஒரு குட்டியிடம் சொன்னேன். உன் வேலையைப் பாதியில் விட்டு வா என்று கேட்க எனக்கு முகமில்லை. கோபம் ஆறும்வரை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஆறியதும் திட்டியாவது நாலு வரி எழுது.

வெந்நீர் குடி. உன் கையில் வளரும் குட்டிகளெல்லாம் மனிதரைக் கண்டால் ஓடி ஒளிந்து நெடுநாள் வாழட்டும். நீ மட்டும், முடியும்போது, வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்