மரியாதைக்காக விட்ட படகு

பிப்ரவரி 6, வியாழன்

கடையில் கூட்டம் இல்லை. ஒரு பெரியவருக்கு மூன்றாவது தடவையாக மூக்குக்கண்ணாடியின் காதை வளைத்துக் கொடுத்தேன். "இப்ப இடது காது வலிக்குதும்மா" என்றார். முன்பென்றால் எரிந்து விழுந்திருப்பேன். இன்று சிரிப்புத்தான் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் மாறித்தான் போயிருக்கிறேன்.

முதலாளி ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விசிலோடு தீவுக்குப் போகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள். இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால் தெருக்கோடிக்குக் கேட்கும், அதனால் விசில். இப்போது பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், பெயர் இன்னும் பொருந்திவிட்டது. அவளுக்கு நான் சோடாபுட்டி. என் கண்ணாடியைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

போன வருஷம் இதே மாதம்தான் அவள் தன் சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவருடையது ஆகாது என்றுவிட்டார்கள். என் கூடப்பிறந்த அண்ணன் "யோசிச்சுச் சொல்றேன்" என்றான், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். விசில் ஒருநாள் டயாலிசிஸ் வார்டுக்கு வந்தாள். என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "எனக்கு ரெண்டு இருக்குடி, ஒண்ணு சும்மாதான கெடக்கு" என்றாள். மழைக்குக் குடை கொடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

இதற்கு நான் என்ன திருப்பிச் செய்வேன்? என்ன செய்தாலும் காணாது. என் ஃபோனில் ஏதோ தீவின் படத்தைப் பார்த்து ஒருநாள் "ஆகா" என்றாள். மறுநாளே குடில் பதிவு செய்துவிட்டேன்.

டாக்டர் சம்மதித்தார். கொதிக்கவைத்த தண்ணீர், தொப்பி, கொசுவலை. "மாத்திரைய மட்டும் ஒரு வேளைகூட விட்றாதீங்க" என்று விரலை ஆட்டிச் சொன்னார். அந்த மாத்திரைதான் என் உடம்பு அவளுடைய சிறுநீரகத்தை வேற்றாள் என்று அடித்துத் துரத்தாமல் பார்த்துக்கொள்கிறது. காலையும் மாலையும், உயிர் இருக்கிற வரை.

பெட்டி அடுக்கும்போது என் வீட்டுக்காரர் வந்து நின்றார். "அவங்களுக்கு நல்ல கட்டிலக் குடு. எதிர்த்து எதுவும் பேசிறாத." நேற்றுவரை 'உன் ஃப்ரெண்டு, அந்த வாயாடி' என்றவர். எப்போது 'அவங்க' ஆனாள்? அவள் வீட்டுக்கு வந்தால் இவர் எழுந்து நிற்கிறார்!

யோசித்துப் பார்த்தால், இந்த ஒரு வருஷத்தில் நானும் அவளும் ஒரு சண்டைகூடப் போடவில்லை. முன்பெல்லாம் மாதம் தவறினாலும் சண்டை தவறாது. நல்லதுதானே? நல்லதுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். படகில் ஏறியதிலிருந்து இறங்கியதுவரை அலை என் மடியிலேயே உட்கார்ந்து வந்தது.

ரிசார்ட் என்று பெயர். ஓலைக் கூரை, மூங்கில் சுவர், சுவர் இடுக்கில் கடல். மின்சாரம் சாயங்காலம் கொஞ்ச நேரம். குளிக்கிற தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கழிப்பறை தனியாக, தென்னைகளுக்கு நடுவில். ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. தீவின் அந்தக் கோடியில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால் கிடைக்குமாம். நடத்துவது ஒரு கணவன் மனைவி. அந்த அக்கா சமைக்கிறார், மிச்ச வேலையெல்லாம் அவர் வீட்டுக்காரர். வேறு விருந்தாளி யாரும் இல்லை. ஏன் இல்லை என்று வந்த கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

படகு ஞாயிறும் புதனும் மட்டும். புதன்கிழமை திரும்புகிறோம்.

காற்று வருகிற கட்டிலை விசிலுக்குக் கொடுத்தேன். "நீ படு" என்றாள். "இல்ல, நீ படு." அவள் படுத்தாள். "சூப்பரா இருக்குல்ல?" என்றாள். "சூப்பர்" என்றேன். என் கட்டிலில் ஒரு கூடை மணல்.

பிப்ரவரி 10, திங்கள்

விடிந்ததும் கழிப்பறைக்குப் போனேன். உள்ளே ஒரு நண்டு. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, இடத்தை விட்டு நகர்வேனா என்றது. துடைப்பத்தால் வழியனுப்பிவிட்டுத்தான் உட்கார முடிந்தது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டயாலிசிஸில் இருந்த நாட்களில் எனக்குச் சிறுநீரே பிரியாது. தாகத்துக்கு ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு, அடுத்த கட்டில்காரர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். இப்போது ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடிக்கிறேன். குடித்ததற்குக் கணக்கு இல்லை, கேட்க ஆள் இல்லை. தென்னைக்கு நடுவில் அந்த ஓட்டைக் கழிப்பறையில் உட்கார்ந்து, வெளியே கடல் இரைய, எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தச் சுகத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

சாயங்காலம் கடலில் இறங்கினோம். அவளுடைய இடுப்பில் ஒரு தழும்பு, எனக்கு அடிவயிற்றில் ஒன்று. அவள் தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்தாள். பதிலுக்கு அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவளுக்கு மூச்சு முட்டிவிட்டால்?

பிப்ரவரி 11, செவ்வாய்

விசில் காலையிலிருந்து தீவைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். சின்னத் தீவு, போனவள் போன வேகத்தில் எதிர்ப்பக்கமாக வந்துவிடுகிறாள். "என்ன அமைதி இல்ல?" என்கிறாள். முகம் மட்டும் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்குப் போட்ட டீச்சர் மாதிரி இருக்கிறது. அமைதியை அப்படி அனுபவிக்கிறாள் போல.

மத்தியானம் அக்கா மீனைப் பரிமாறிக்கொண்டே கேட்டார்: "நாளைக்குப் படகு வருது. கெளம்புறீங்களா, இல்ல ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கீங்களா? குடிசை சும்மாதான் கெடக்கு."

விசில் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"உனக்கு எப்படிடி?"

"உன் இஷ்டம்."

"இல்லடி, உன் இஷ்டம்தான்."

"எனக்கு ஒண்ணும் இல்ல, இருக்கலாம்..."

"அப்ப எனக்கும் இருக்கலாம்."

அக்கா கரண்டியைப் பிடித்தபடி பந்தாட்டம் பார்ப்பவர் போல இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

மாத்திரை சனிக்கிழமை காலையோடு தீர்ந்துவிடும். அவளிடம் சொல்லலாமா? சொன்னால் நாளைக்கே கிளம்பு என்பாள். அவள் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் இது. என்னால் அதுவும் கெட வேண்டுமா? வியாழனிலிருந்து காலை வேளையை விட்டுவிட்டு மாலை மட்டும் போட்டால் ஞாயிறு வரை வந்துவிடும். ஒரு வேளைதானே... டாக்டரின் விரல் கண் முன்னால் ஆடுகிறது. ஆடட்டும்.

பிப்ரவரி 12, புதன்

படகு வந்தது, போய்விட்டது. கரையில் நின்று கையசைத்தோம். அது புள்ளியாகும்வரை விசில் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் அவள் கையிலிருந்த ஃபோன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. என் மாத்திரை நேரத்துக்கு அவளும் ஒரு அலாரம் வைத்திருக்கிறாள், ஆபரேஷன் ஆன நாளிலிருந்து. சத்தம் வராத அலாரம், அதனால் இன்றுவரை எனக்கு அது தெரியவே தெரியாது.

"போட்டியா?"

"போட்டாச்சு."

"எப்ப போட்ட? நான் இங்கயேதான நிக்கிறேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாத்திரை டப்பாவைப் பிடுங்கித் திறந்துவிட்டாள். பார்த்தாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் இது எப்படிடி வரும்?"

பூசி மெழுகிப் பார்த்தேன். நடக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

ஐயோ, அவள் போட்ட சத்தம்! கூரையிலிருந்து பல்லி விழுந்தது. "என் கிட்னிடி அது! நீ பட்டினி போட்டுக் கொல்றதுக்கா அறுத்துக் குடுத்தேன்?"

அந்த வார்த்தையில்தான் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"உன்னுது இல்ல!" என்று கத்தினேன். "குடுத்துட்டல்ல? அப்ப அது என்னுது! ஒரு வருஷமா உன்னுது உன்னுதுன்னே சொமந்துட்டுத் திரியறேன். நீ உக்காருன்னா உக்காரறேன், நில்லுன்னா நிக்கிறேன். இந்தத் தீவு எனக்குப் புடிக்கல! மணல் புடிக்கல, நண்டு புடிக்கல, உப்புத்தண்ணி புடிக்கல! உனக்காகத்தாண்டி இருக்கேன்!"

அவள் மாத்திரை டப்பாவைக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு மெதுவாக, "எனக்காகவா?" என்றாள்.

"பின்ன?"

"எனக்கு மட்டும் புடிச்சிருக்கா? பேச ஆள் இல்லாம பைத்தியம் புடிக்குது. நீ ஆசையா புக் பண்ணியேன்னு பல்லக் கடிச்சிட்டு இருக்கேன்."

"அப்ப ஏண்டி படத்தப் பாத்து ஆகான்ன?"

"படம் நல்லா இருந்துச்சு, ஆகான்னேன்! சிங்கத்தோட படத்தப் பாத்தும்தான் ஆகாம்பேன். உடனே கொண்டுபோய்க் கூண்டுக்குள்ள விட்ருவியா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் அழுகிறாள். விசில் அழுது நான் பார்த்ததே இல்லை. ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் போகும்போதுகூட நர்ஸைக் கிண்டல் செய்துகொண்டே போனவள்.

"எனக்கு என் சோடாபுட்டி வேணும்டி" என்றாள். "ஒரு வருஷமா யாரோ ஒரு நல்ல பொம்பள வந்து உக்காந்துக்கிட்டு எல்லாத்துக்கும் தலையாட்டுது. உன் வீட்டுக்காரரு என்னப் பாத்து எந்திரிச்சு நிக்கிறாரு. நான் என்ன ஹெட்மாஸ்டரா? கிட்னியக் குடுத்தேன், சிநேகிதியத் தொலச்சேன். இத எங்க போய்ச் சொல்லி அழறது?"

அவள் எதிரிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து, ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஓடினோம். டாக்டர் கிடைத்தார். "தாமதமாப் போட்டது பரவாயில்ல. இனிமே இப்படிச் செஞ்சா என்கிட்ட வராதீங்க" என்றார். ஊருக்கு வந்ததும் ரத்தப் பரிசோதனை. அக்காவின் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போகிற ஒரு படகை மடக்கிப் பேசினார். நாளை கரையிலிருந்து திரும்பும்போது மாத்திரையை வாங்கி வந்துவிடுவார்களாம். ராத்திரியே பஸ் ஏறிக் கரைக்குக் கொண்டுவந்து கொடுப்பதாக என் வீட்டுக்காரர் ஃபோனில் சொன்னார். குரல் நடுங்கியது, பாவம்.

பயமாகத்தான் இருக்கிறது. ரத்தத்தில் கழிவு ஏதாவது ஏறியிருந்தால்? ஆனால் நெஞ்சில் ஒரு வருஷமாக இருந்த பாரம் எங்கே போனது?

பிப்ரவரி 14, வெள்ளி

மாத்திரை வந்துவிட்டது. ஞாயிறு வரைக்கும் போதும் என்றால், இவர் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பொட்டலம் முழுக்க மீன் வாடை.

படகுக்காரர் எங்களையும் கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து இந்தத் தீவைத் திட்டித் தீர்த்தோம். கட்டிலைத் திட்டினோம், கூரையைத் திட்டினோம், என் மாமியாரை, அவளுடைய ஹெட்மிஸ்ட்ரஸை, யோசித்துக்கொண்டிருக்கிற என் அண்ணனை. அவனைப் போல அவள் நடித்துக் காட்டியபோது எனக்கு வயிறு வலித்துவிட்டது. தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

காற்று வருகிற கட்டிலை நான் கேட்டேன். "முடியாது போடி" என்றாள். எவ்வளவு நன்றாக இருந்தது!

பிப்ரவரி 16, ஞாயிறு

படகில் திரும்பும்போது சொன்னேன். ஒரு வருஷமாக ஆயிரம் விதமாகப் பணிந்தேனே தவிர, வாய்விட்டு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"குடுத்ததுக்குத் தேங்க்ஸ்டி."

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லாப் பாத்துக்க, உன்னுத" என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

ரத்தம் சரியாக இருக்கிறது. எதுவும் ஏறவில்லை. டாக்டர் திட்டிய திட்டு எல்லாம் காதில் தேனாகப் பாய்ந்தது. வெளியே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். யார் யாருக்கு நன்றி சொல்வது? லேப் பெண்ணுக்கும் சொன்னேன், வாசல் காவல்காரருக்கும் சொன்னேன். அவர் பயந்துவிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

விசிலுக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. சனிக்கிழமை கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தாள். இருக்கிற ஃபிரேமையெல்லாம் விட்டுவிட்டு, பெரிய சிவப்பு ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு, "எப்படிடி?" என்றாள். இருபது வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன். "ஆந்தை மாதிரி இருக்க" என்றேன். "உனக்கு என்னடி தெரியும்?" என்றாள். "கண்ணாடியில போய்ப் பாரு, அதுக்காவது தெரியும்" என்றேன். முதலாளி எதிரிலேயே வார்த்தை முற்றி, ஃபிரேமை மேசைமேல் எறிந்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. "அவங்ககிட்டப் போய் இப்படியா பேசறது? உடனே ஃபோன் போட்டு மன்னிப்புக் கேளு" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறார்.

நான் எதற்குக் கேட்பேன்? ஆந்தை மாதிரித்தான் இருந்தது. வேண்டுமென்றால் அவளே கூப்பிடட்டும்.

மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. கடவுளே, எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?