ஏழாவது பாட்டு

ஓக்லண்ட்
மார்ச் 3, 1997

லைல்,

உன் சௌக்கியத்தை விசாரிக்கப் போவதில்லை. நம் பழைய ஆல்பத்தை நீ புதுப்பித்து வெளியிட்ட சிடியை இன்று காலை என் வேன் கடையில் போட்டேன். ஏழாவது பாட்டில் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "யாருங்க அது, குழந்தையைத் திட்டுறது?" என்றான்.

நம் கிளைடின் குரல். முப்பது வருஷமாக எவருக்கும் புரியாத பேச்சு, இப்போது ஒரு எழுத்து பிசகாமல் கேட்கிறது. "இந்தக் குழந்தை எனக்கு வேண்டாம். பொறக்காமலே போயிடணும்."

அன்று ஸ்டுடியோவில் பாட அவன், கிட்டாருக்கு நீ, டிரம்ஸுக்கு நான். எல்.எஸ்.டி. போதை தலைக்கேறி உளறினான். தெளிந்ததும் அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். அதே டேப்பில் உன் கிட்டார் பிரமாதமாக விழுந்திருந்தது. அழிக்க உனக்கு மனசு வரவில்லை. அவன் பேச்சு புரியக் கூடாது என்றுதானே டேப்பையே தலைகீழாக, முடிவிலிருந்து ஆரம்பத்துக்கு ஓட்டிப் பதிவு செய்தோம்? அந்த விசித்திரச் சத்தத்துக்காகத்தான் நம் மெர்குரி ஆர்ச்சர்ட் குழு என்றால் பின்னால் வந்த குழுக்காரர்களெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். நாம் ஒளித்து வைத்ததைப் பத்திரிகைகளில் கண்டுபிடிப்பு என்று எழுதினார்கள். நாமும் தலையாட்டினோம்.

அந்தக் காலத்தில் டேப்பைத் தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று உன் எஞ்சினியர் நினைத்து நேராக்கியிருப்பான். அப்படித்தான் என்று எழுது, நம்புகிறேன். அன்று அம்மா வயிற்றில் இருந்த கிளைடின் மகள் கோரின் காதில் விழுவதற்குள் சிடியைத் திரும்பப் பெற்றுவிடு.

ரோஸ்கோ

மில் வேலி
மார்ச் 9, 1997

பிரியமுள்ள ரோஸ்கோ,

உன் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, சந்தோஷம். எஞ்சினியர் மேல் தப்பில்லை. நேராக்கச் சொன்னது நான்தான்.

நம் குழுவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பாட்டில் வந்து நிற்கிறார்கள். ஆனால் நான் வாசித்ததை வாசித்தபடி ஒருவனும் கேட்டதில்லை. எனக்கு அந்த ஆசை இருக்கக் கூடாதா? கிளைடின் குரலைப் பிரித்தெடுக்கப் பார்த்தோம், முடியவில்லை. வரலாறு என்றால் உள்ளபடிதானே இருக்க வேண்டும்? கோரின் விவரமான பெண், புரிந்துகொள்வாள். நீ வேன் விற்கப் போய் எத்தனையோ வருஷமாகிறது. இதெல்லாம் உனக்குப் பிடிபடாது.

என்றும் உன்
லைல்

ஓக்லண்ட்
மார்ச் 17, 1997

லைல்,

ஆமாம், பழைய வேன் விற்கிறவன்தான். ஓடிய மைலைக் குறைத்துக் காட்ட மீட்டரைத் திருகுகிற ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு. அவர்கள்கூட அதற்கு வரலாறு என்று பேர் வைப்பதில்லை. உன் கிட்டாரைக் கேட்க அவ்வளவு ஆசையென்றால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கலாம்.

நேற்று கோரின் வந்தாள். கார் ரேடியோவில் கேட்டாளாம். அவள் பிறந்த பிறகு கிளைட் அவளைக் கீழே விட்டதே இல்லை, காதில் பஞ்சு வைத்து ஒத்திகைக்கெல்லாம் தூக்கி வருவான் என்று சொன்னேன். அவளுக்கு இரண்டு வயது முடியும் முன்பே அவன் செத்துப் போய்விட்டான். அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

"அங்கிள், அவர் அப்படிச் சொன்னது நிஜமா?"

"நிஜம்மா. அழிச்சிடுங்கடான்னு அழுததும் நிஜம்."

"அப்ப நான் கேக்கட்டும்னு விட்டது யாரு?"

உன் கடிதம் வரும் முன்பே, எஞ்சினியர் செய்த தப்பு என்று சொல்ல ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தேன், உனக்காக. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வாயில் வரவில்லை.

உன் பேரைச் சொன்னேன்.

ரோஸ்கோ டனவே