ஐகில், அனுஷ நட்சத்திரம்

மகளுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து எழுதுகிறாய், அதுவும் ஒரு மலையைப் பற்றி. அயர்லாந்தில் உன் வீட்டு ஜன்னலில் கடலோரமாகக் கூரான மலை ஒன்று தெரிகிறதாம். அதன் பெயர் குரோ பாட்ரிக், என்றால் புனித பாட்ரிக்கின் குவியலாம். அந்தப் புனிதர் உச்சியில் நாற்பது நாள் பட்டினி கிடந்தாராம். அதற்கு முன்னால் அதற்குக் குருவகான் ஐகில் என்று பெயராம். ஐகில் என்பது கழுகா, ஒரு ஆளின் பெயரா என்று இன்னும் முடிவாகவில்லையாம். நானா கேட்டேன்?

நீ பிள்ளை பெற்றதை யோகராணி அன்ரி போனில் படம் காட்டித்தான் அறிந்தேன். படத்தின் கீழே பிறந்த திகதியும் நேரமும் இருந்தன, பெயர் இல்லை. மலைக்கு இரண்டு பெயர் எழுதிய உனக்கு என் பேரனின் பெயரை எழுதக் கை வரவில்லை. உன் கலியாணத்துக்கு நான் வரவில்லைத்தான். அதைப் பற்றிக் கதைக்க எனக்கு இப்போது நேரமில்லை.

வெள்ளிக்கிழமை இங்கே மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனேன். நட்சத்திரத்தை நானே பார்த்து வைத்திருந்தேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர், "பிள்ளையின்ர பேர் என்ன, அம்மா?" என்று கேட்டார். பின்னால் சனம் வரிசையில் நின்றது. பேரனின் பெயர் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஐகில்," என்றேன். "அனுஷம்."

அவர் மறுபேச்சில்லாமல் மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார்.

இனி ஒவ்வொரு வெள்ளியும் இந்தப் பெயருக்குத்தான் அர்ச்சனை நடக்கும். பிழையென்றால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நீயே வந்து ஐயரிடம் சொல்லித் திருத்து.

அம்மா