கஸ்தூரி இருந்த மடி

அருப்புக்கோட்டை,
12-9-1974

அத்தான் அவர்களுக்குச் சண்முகவடிவு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நலம் விசாரிக்கும் வரியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இப்போது எழுதினால் அது மனசோடு ஒட்டாது.

அத்தைக்கு மூட்டுவலி தேவலை. இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் தரை தெரிகிறது. ஸ்டுடியோவை வாரம் ஒருமுறை திறந்து தூசி தட்டுகிறேன். திருச்சுழியிலிருந்து கல்யாணப் படம் எடுக்கக் கேட்டு வந்தார்கள். அவர் மெட்ராஸில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போன வாரம் நூலகத்துச் சுப்புராஜ், "மதினி, அண்ணாச்சி படமெல்லாம் போட்டிருக்காக" என்று ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். மெட்ராஸில் நடக்கும் உங்கள் படக் கண்காட்சிக்கு 'நான்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். புகைப்படத்தையும் மனோதத்துவத்தையும் சேர்த்துத் தன்னையே தோண்டிப் பார்க்கும் கலைஞர் என்று எழுதியிருக்கிறார்கள். தோண்டியது யாரை என்று எனக்கல்லவா தெரியும்.

மெட்ராஸ் மனோதத்துவ டாக்டர் உங்களுக்குச் செய்ததுபோலவே என்னையும் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடி, மனசில் வருவதையெல்லாம் சொல்லச் சொன்னீர்கள். நான் தயங்கினேன். "நமக்குள்ளதான வடிவு, வெளிய போகாது" என்றீர்கள். நம்பிச் சொன்னேன். நம் பிள்ளை கஸ்தூரிக்கு மூன்று நாள் காய்ச்சல். ஓயாத அழுகை. மூன்றாம் நாள் மத்தியானம் அழுகை நின்றதும், அப்பாடா என்று அவள் பக்கத்திலேயே கண் அசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் பிள்ளை சில்லிட்டுக் கிடந்தாள். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொன்னேன்.

அந்த வார்த்தைகள் அப்படியே உங்கள் படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கின்றன, நீங்கள் சொன்னதாக. பிள்ளை போன அன்றைக்கு நீங்கள் பரளச்சியில் இறந்துபோன யாரையோ நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

அதையும் பொறுத்திருப்பேன். பச்சைப்பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அத்தை விடவில்லை. அதனால் உயிரோடிருந்த கஸ்தூரிக்கு ஒரு படம்கூட இல்லை. போன பிறகு என் மடியில் வைத்து எடுத்தீர்கள். தொழில் வழக்கப்படி பிரஷ்ஷால் கண்ணைத் திறந்தாற்போல வரைந்தீர்கள். "பெரிசு பண்ணிக் கொண்டாரேன்" என்று பிரிண்டையும் ஃபிலிமையும் எடுத்துப் போனீர்கள். பத்திரிகையில் வந்திருக்கும் அதே படத்தில் கழுத்துக்குக் கீழே நான் இருக்கிறேன், மேலே உங்கள் முகம் இருக்கிறது. சேலையில் பால் கறைகூட அழியவில்லை.

சுப்புராஜ் வாசிக்க வாசிக்க அத்தை அழுதுவிட்டார்கள். "எம்மவனுக்கு எம்புட்டு வேதன. நீ அழுது நான் பாக்கலயே" என்று என்னைக் கேட்டார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது?

சொன்னதைத் திருப்பிக் கேட்கவில்லை. சிந்தின பாலை அள்ள முடியாது. அந்த ஃபிலிமை மட்டும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். பிள்ளை முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவருகிறது. பிரிண்ட் போட்டு அனுப்புவதானால் கண்ணை வரைய வேண்டாம், மூடியபடியே இருக்கட்டும். என் முகமும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொக்கநாதர் உங்களுக்குக் குறை வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
கஸ்தூரியின் தாய்
சண்முகவடிவு