மூன்றாம் வகுப்பின் தெற்குச் சுவர்

எனக்கு முன்னால் இந்தத் தலைமையாசிரியை நாற்காலியில் இருந்த என் தங்கமான அக்காவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. நல்ல சேதி இருந்தால்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். பயமாக இருக்கிறது அக்கா, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் அருப்புக்கோட்டையில் மூன்று நாள் விடாத மழை. நம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பின் தெற்குச் சுவரில் இருக்கும் விரிசலுக்குள் இப்போது என் விரல் நுழைகிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் இருபத்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கட்டிடத்தின் கதையைச் சொல்வாய். வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சு மூடை அடுக்கக் கட்டிய கிட்டங்கி. பிறகு தறிக்காரர் பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஊரார் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தது. பிள்ளைகள் பெருகவும் மேலே ஒரு மாடி ஏற்றியது. நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டு நிற்பேன். மூடைக்குப் போட்ட அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று நாம் ரெண்டு பேருமே ஏன் கேட்கவில்லை?

நேற்றுப் பாளையம்பட்டிக் கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் மகள் அதே வகுப்புதான். விரிசல் நகர்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே நாம் ஒட்டி வைக்கும் நோட்டுக் காகிதத்தை உரித்தார். அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. எல்லாமே நடுவில் கிழிந்தவை. வருஷத்துக்கு ஒன்றாக மொத்தம் பதினொன்று. மேலே நாலில் என் கையெழுத்தில் தேதி, அடியில் ஏழில் உன்னுடையது.

"டீச்சர், காயிதம் கிழிஞ்சா சொவரு நகருதுன்னு அர்த்தம். நீங்க என்னன்னா மேல மேல புதுசா ஒட்டி வச்சிருக்கீக," என்றார். "கரிசல் மண்ணு. கோடையில வாயப் பொளக்கும், மழையில உப்பும். ஒங்களுக்குத் தெரியாததா?"

"பெரிய டீச்சர் அப்படித்தான் செஞ்சாக," என்று உளறினேன்.

"அவுக நல்லவுகதான். ஆனா நாளையிலருந்து எம்பிள்ளைய இந்தக் கட்டடத்துக்கு அனுப்ப மாட்டேன். தப்பா நெனைக்காதீக."

காகிதம் ஒட்டியதும் ஏதோ மராமத்தே முடிந்த மாதிரி மனசு ஆறிவிடும். அந்த நிம்மதியில்தான் ஒவ்வொரு ஜூனிலும் நகராட்சிக்குக் 'கட்டிடம் நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்துப் போட்டோம். உனக்கு உள்ளூரத் தெரிந்திருந்ததா? பூட்டினால் பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம் போய்விடும், இதையே மூடிவிடுவார்கள் என்று பயந்தாயா? எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. இப்போது சோற்றில் கை வைத்தால்கூடச் சுவர் சரிகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது.

இன்று காலை முழுக் கட்டிடத்தையும் பூட்டிவிட்டேன். வகுப்புகள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடக்கின்றன. மூன்றாம் வகுப்பில் இருபத்தாறில் பதினேழு பேர்தான் வந்தார்கள்.

நாளை நகராட்சி இன்ஜினியர் வருகிறார். எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்பார். "இந்த மழையிலதான்னு சொல்லிரு. செத்தவ பேரு எதுக்குக் கெடணும்?" என்று அத்தான் திருச்சுழியிலிருந்து போன் போட்டார். உன் புருஷன், அவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த மழையில் வந்தது என்றால் பூசிவிட்டுத் திறக்கச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் மறுபடியும் அந்தச் சுவரடியில்தான் உட்காரும்.

பதினோரு வருஷம் என்று சொல்லப்போகிறேன். யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டால், முதலில் உன் பேர், அடுத்து என் பேர். நாக்கு குழறும். ஆனாலும் சொல்வேன் அக்கா, உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி