எண்ணெய்த் தொட்டியில் ஸ்ரீராமின் கம்ப்யூட்டர்

மே 4, ஞாயிறு
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலை எட்டுக்கே சுவர் சுடுகிறது. மகன் ஸ்ரீராம் விட்டுப்போன கம்ப்யூட்டர் நான்கு முறை தானாக அணைந்தது. சூடு. உள்ளே விசிறி அலறுவதோடு சரி.

மாலை ஜெர்மனியிலிருந்து அவன் வாராந்தர போன். வழக்கமாக சாப்பாடு, மாத்திரை, மழை உண்டா. நான்கு நிமிஷம். இன்று கேட்டேன்: "காலேஜ் படிக்கறச்சே இதை எண்ணெய்க்குள்ள முக்கி வெக்கறேன்னியே, நிஜமா நடக்குமாடா?"

"நீங்கதானேப்பா கூடாதுன்னேள்? ஃபிசிக்ஸ் வாத்தியார் ஆத்துல தீப்பிடிச்சா ஊர் சிரிக்கும்னு."

சொன்னேன்தான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் எண்ணெய்தான் சூட்டை வாங்கிக்கொள்கிறது என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவன், வீட்டில் மறுத்தேன்.

முப்பத்தேழு நிமிஷம் பேசினான்.

மே 7, புதன்
வாங்க (ஸ்ரீ. சொன்னபடி): கண்ணாடி மீன்தொட்டி, மந்தைவெளி. லிக்விட் பாரஃபின் 15 லி. நீள வயர் (ஹார்ட் டிஸ்க் மட்டும் வெளியே).

பத்மா: "ஆத்துலயே நல்லெண்ணெய் இருக்கே." அவனிடம் கேட்க ஒரு சாக்கு. உடனே மெசேஜ். பதில்: "சிக்கு வாடை வந்துடும். அம்மாவைக் கிட்டக்க விடாதேங்கோ."

லஸ் மருந்துக்கடையில் பாரஃபின் மலச்சிக்கலுக்கு விற்பது. கடைக்காரர், "இன்னா சார், பதினஞ்சு லிட்டரா? தெருவுக்கே கஷ்டமா கீதா?"

மே 11, ஞாயிறு
ஐந்து மணிக்கு வீடியோவில் வந்தான். மதர்போர்டை அவன் சொல்லச் சொல்லத் தொட்டிக்குள் இறக்கினேன். எண்ணெய் ஊற்றியாயிற்று. ஐந்தே காலுக்கு சுவிட்சில் கை.

பத்மா: "ராகு காலம். ஆறு ஆகட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து இதற்கு அவளோடு சண்டை. இன்று "ஆகட்டும்" என்றேன்.

அவனும் போனை வைக்கவில்லை. சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அரிசி களைந்தான். ரசப்பொடி பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்றாள் பத்மா. "சொன்னா நீ அழுவே." பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே: "சில வாரம் நான் தமிழ் பேசறதே இந்த நாலு நிமிஷந்தான்ப்பா. அதுக்கு மேல உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியல."

எனக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன்.

ஆறு. சுவிட்ச். ஓடியது.

மே 14, புதன்
கம்ப்யூட்டர் திரையில் சூடு 44 டிகிரி. எண்ணெய்க்குள் விசிறிச் சத்தமே இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் பையன் அறையில் இருக்கிறான் என்று அர்த்தம், அப்போதெல்லாம். பத்மா இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.
கேஸ் புக் பண்ண.

மே 18, ஞாயிறு
"ஓடறதாப்பா?"
"ஓடறது. நாப்பத்திநாலு."
"சூப்பர்."
சாப்பாடு. மாத்திரை. நான்கு நிமிஷம்.

மே 25, ஞாயிறு
மேகமூட்டம், காற்றில்லை. ரசப்பொடி பார்சல் போய்ச் சேர்ந்ததாக நேற்றே மெசேஜ் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்கவும் வழியில்லை. காலையிலிருந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தேன், கசிவு, குமிழி, ஏதாவது. ஒரு குறையும் இல்லை. 43.

"ஓடறதாப்பா?"
"ஓடறது. ஆனா எழுபத்தொண்ணு காட்டறதுடா."

பத்மா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுபத்தொண்ணா? இருங்கோ, வெச்சுடாதேங்கோ. முதல்லேர்ந்து ஒண்ணொண்ணா சொல்லுங்கோ."